முந்திக் காய்த்த மரம்

டாக்டரிடம் போய் யாராவது டுரியான் சீசனைப் பற்றிப் பேசுவார்களா? என் அத்தான் விஸ்வலிங்கம் பேசினார். அக்காவின் ஈரலுக்குக் கட்டி பரவிவிட்டது, இனிமேல் கொடுக்கிற மருந்தெல்லாம் வலிக்குத்தான், நோய்க்கு இல்லை என்று அந்தச் சீன டாக்டர் மெதுவாகச் சொல்லி முடித்தார். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அடுத்த டுரியான் சீசனுக்கு இவள் இருப்பாளா என்று கேட்டார். எனக்கு அவர் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் டாக்டரும் பினாங்குக்காரர்தானே, கேள்வி அவருக்கு நன்றாகவே புரிந்தது. ஜூன் மாதத்தை நம்பி எதையும் ஏற்பாடு செய்ய வேண்டாம், ஏப்ரல் வரைக்கும் நன்றாக வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அது செப்டம்பர் மாதம். காடியில் அருந்ததி அக்கா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வீடு ஜெலுத்தோங்கில். வீட்டு முனையில் திரும்பும்போது அவள்தான் பேசினாள்.

"அப்போ இந்தத் தடவ பெரியவன் பழம் எனக்குக் கிடையாதுலா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஒரு பேச்சுக்குச் சொன்னாள் என்று பின் சீட்டில் இருந்த எனக்குத் தெரிந்தது. அத்தானுக்குத் தெரியவில்லை. அவருக்கு எதையும் ஒரு பேச்சுக்குச் சொல்லவும் வராது, கேட்கவும் வராது. துறைமுக அலுவலகத்தில் எந்தக் கப்பல் எப்போது வரும், எப்போது போகும் என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டு வாசலில் காடியை நிறுத்தினார், எஞ்சினை அணைக்காமல் வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். அவர் மாதங்களைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பெரியவன் என்பது ஒரு மரம். அத்தான் ஓய்வு பெற்றதும் கிடைத்த பணத்தில் முக்கால்வாசியைக் கொண்டுபோய் பாலிக் புலாவில் ஒரு டுரியான் தோட்டத்தில் போட்டார். அப்போது நான் அவரைத் திட்டாத திட்டு இல்லை. அடுக்குமாடிக் கொண்டோவில் ஒரு வீடு வாங்கிப் போட்டால் வாடகை வருமே, இந்த வயதில் மலைச்சரிவில் யார் ஏறுவது என்று கேட்டேன். அக்கா ஏறினாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தோட்டத்தில் இருந்த மரங்களுக்கெல்லாம் அவள் பெயர் வைத்துவிட்டாள். கீழ்ச்சரிவில், வெயில் நன்றாக விழுகிற இடத்தில், பாதைக்குப் பக்கத்தில் நின்ற மரம் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பூக்கும், முன்னால் பழம் போடும். அதுதான் பெரியவன். வருஷத்தின் முதல் பழத்தை அந்த மரத்தடியிலேயே பிளந்து இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். என்னைக்கூடக் கூப்பிட மாட்டார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் டுரியான் கிடைக்காதா என்று கேட்பீர்கள். இப்போதெல்லாம் வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. சூப்பர்மார்க்கெட்டில் தாய்லாந்துப் பழம் பிளாஸ்டிக் தட்டில் பொட்டலம் கட்டி அடுக்கியிருக்கிறது. அதெல்லாம் மரத்திலிருந்து வெட்டி எடுத்துப் பழுக்க வைத்தது. பினாங்குக்காரர்கள் நாங்கள் டுரியானை வெட்ட மாட்டோம். அது தானாகப் பழுத்து, தானாகக் காம்பு விட்டு விழ வேண்டும். விழுந்த அன்றைக்கே சாப்பிட வேண்டும். அக்கா இதில் ரொம்பக் கறார். வெட்டின பழத்தைப் பார்த்தாலே, "பாவம், குறைமாசத்துல எடுத்தது," என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோவிட் வந்தபோது அத்தானுக்கு மோப்பம் போனது, அப்புறம் திரும்பவே இல்லை. மல்லிகைப்பூவும் ஒன்றுதான், வடிகாலும் ஒன்றுதான் அவருக்கு. ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு தேடி ஓடுகிற பழத்தை வளர்க்கிறவருக்கு அதன் வாசனை தெரியாது என்று நான் கேலி செய்வேன். ஆனால் அவருக்கு அது ஒரு குறையாகவே இருந்ததில்லை, ஏனென்றால் அக்காவுக்கு மூக்கு இருந்தது. சீசன் நெருங்கியதும் அவள் பெரியவனுக்குக் கீழே போய் நின்று முகத்தை மேலே தூக்குவாள். இன்றைக்கு இல்லை, நாளைக்கு என்பாள். மறுநாள் தொப்பென்று ஒன்று விழும்.

பாலிக் புலாவில் வருஷம் எப்படிப் போகிறது என்று அத்தான் எனக்குப் பல தடவை பாடம் எடுத்திருக்கிறார். செப்டம்பரிலிருந்து மழை. அந்த மாதங்களில் மரம் சும்மா இலைவிட்டுக்கொண்டிருக்கும், உரம் வைப்பதும் களை எடுப்பதும்தான் வேலை. டிசம்பர் கடைசியில் மழை விட்டு வெயில் பிடிக்கும். மண் காய வேண்டும், வேர் தண்ணீருக்குத் தவிக்க வேண்டும், அப்போதுதான் டுரியான் கிளைகளில் மொட்டு எடுக்கும். அந்தக் காய்ச்சலுக்குப் பயந்துதான் மரம் பூக்கிறது என்பார் அத்தான். தாகம் எடுக்காத மரம் காய்க்காது. பிப்ரவரியில் பூ, ஜூனில் பழம். டுரியான் முடிகிற நேரத்தில் மங்குஸ்தீன். இடையில் எப்போது கிராம்பு பறிப்பது, எப்போது ஜாதிக்காய் காயவைப்பது என்று எல்லாம் அவர் மனதில் வரிசையாக இருக்கும். உறவில் யாராவது ஜூனில் கல்யாணம் வைத்தால் அத்தானும் அக்காவும் போக மாட்டார்கள்.

அந்த வரிசையை இந்த வருஷம் மாற்றப் போவதாக அவர் மறுநாள் காலையில் அறிவித்தார். ஜூன் வேண்டாம், ஏப்ரலில் பழம் வேண்டும். பெரியவனுக்கு மட்டும் வெயில் காலத்தை முன்னாலேயே கொண்டுவந்துவிட்டால் போதும் என்றார். வானத்தில் இருட்டிக்கொண்டு மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன்.

ஆனால் செய்தார். மரத்தடியில் ஒரு சருகு விடாமல் கூட்டித் தள்ளினார். சுற்றிலும் வாய்க்கால் வெட்டினார். வெள்ளைப் பிளாஸ்டிக் விரிப்பைச் சுருள் சுருளாக வாங்கிக் கொண்டுபோய் மரத்தைச் சுற்றி, கிளைகள் பரவியிருக்கிற தூரத்துக்கும் அப்பால் வரை விரித்து, ஓரங்களில் கல் வைத்தார். ஊரெல்லாம் மழை பெய்ய, அந்த ஒரு மரத்தின் வேருக்கு மட்டும் ஒரு சொட்டு இறங்காமல் பார்த்துக்கொண்டார். ராத்திரி காற்றில் விரிப்பு பறந்தால் காலையில் போய் மறுபடியும் விரிப்பார். பக்கத்துத் தோட்டக்காரர் ஸுல்கிஃப்லி முதலில் பார்த்துவிட்டு, அங்கிள் மரத்துக்கு மழைக்கோட்டு போட்டிருக்கிறார் என்று சிரித்தாராம். எதற்கு என்று அத்தான் சொன்ன பிறகு அவரும் வந்து கல் தூக்கிப் போட்டாராம்.

நான் ஜெலுத்தோங் வீட்டுக்கே வந்துவிட்டேன். கல்யாணமாகாத தங்கைக்கு வேறு என்ன வேலை? பேங்கிலிருந்து ஓய்வு பெற்று சும்மாதான் இருந்தேன். அக்காவைக் குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, மருந்து கொடுப்பது எல்லாம் நான். அத்தான் தோட்டத்துக்குப் போவார், மத்தியானம் வருவார், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மரத்தின் கதையைச் சொல்வார். இலை வாடத் தொடங்கிவிட்டது என்றார் ஒரு நாள், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி. இன்னொரு நாள், கிளையில் பொட்டுப் பொட்டாக மொட்டு கிளம்பிவிட்டது என்றார். அக்கா அவர் கையைத் தடவிக்கொண்டே கேட்பாள். அவளுக்குக் கன்னம் ஒட்டி, கண் மஞ்சளித்துவிட்டிருந்தது.

ஊர் முழுக்க வேறு எந்த மரமும் மொட்டு வைக்காத மாதத்தில் பெரியவன் பூத்தான். மொட்டு விரிகிற சமயத்தில் இரண்டு நாள் விடாத மழை. பாதிப் பூ விரிவதற்குள்ளேயே உதிர்ந்து விரிப்பின் மேல் கொட்டிக் கிடந்ததாம். மீதியில் கொஞ்சம் காய் பிடித்தது. தைப்பூசத்துக்கு வருஷம் தவறாமல் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிற அத்தான், அந்த வருஷம் போகவில்லை. காய் முட்டை அளவுக்கு வந்திருக்கிறது, அணில் கடிக்கிறது, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்றார். மரத்தில் பால் டின்களைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு கயிற்றை இழுத்து இழுத்து அணில் விரட்டிக்கொண்டிருந்தார். அப்படியும் ஒன்று போய், இரண்டு போய், கடைசியில் ஒரே ஒரு காய் நின்றது.

அந்த ஒன்றுதான் எங்கள் வீட்டில் எல்லாமாகிப் போனது. அது எவ்வளவு பெரிதாகியிருக்கிறது, முள் எப்படி விரிந்திருக்கிறது, இதுதான் பேச்சு. பிப்ரவரி முடிவதற்குள் அக்கா எழுந்து நடப்பதை நிறுத்திவிட்டாள்.

மார்ச்சில் காற்று அடித்தது. பக்கத்தில் ஒரு ஜாதிக்காய் மரம் முறிந்து விழுந்தது. அன்றைக்கு அத்தான் ஏணி வைத்துத் தானே ஏறி, ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் அந்தக் காயைக் கிளையோடு சேர்த்துக் கட்டிவிட்டு வந்தார். யாரையும் தொட விடவில்லை. காம்புக்கு மேலே ஒரு கட்டு, காயைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகப் பல சுற்று. இனி எந்தப் புயல் வந்தாலும் விழாது என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னார்.

"மாட்டக் கட்டுற மாதிரி கட்டியிருக்கீங்களே, பழுத்தா எப்படி விழும்?" என்று நான் கேட்டேன்.

"காத்துக்குத்தான் துஷி அந்தக் கயிறு. பழுத்த பழம் வெயிட்டு தாங்காம அத்துக்கிட்டு விழுந்துரும். டுரியான யாராலயும் புடிச்சு நிறுத்த முடியாது."

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். ராஃபியா கயிறுதானே, பாசாரில் கீரைக்கட்டு கட்டிக் கொடுக்கிற கயிறு.

ஏப்ரல் பிறந்ததும் அவர் மத்தியானம் வருவதை நிறுத்தினார். விடிவதற்கு முன்னால் கிளம்பிப் போய், மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பழம் எப்போது விழும் என்று மூக்கு சொல்லாது, அதனால் காதை வைத்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்த பிறகுதான் வருவார். வாசலில் காடி நிற்கும் சத்தம் கேட்டால் அக்கா கண்ணைத் திறப்பாள். அவர் உள்ளே வந்ததும் கேட்பாள்.

"விழுந்துருச்சா?"

"இன்னும் இல்லம்மா. நாளைக்கு."

தினமும் இதேதான். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். ஒரு நாள் பகலில் அவளுக்கு உதடு துடைத்துவிடும்போது என் எரிச்சல் அடங்காமல் கேட்டுவிட்டேன். அப்படி என்னக்கா ஒரு பழம், மனுஷன் உன் பக்கத்தில் இல்லாமல் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாரே என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்.

"நாக்குல ஒரு ருசியும் இல்லடி. தைமாசத்துலேயே போச்சு. நீ குடுக்குற கஞ்சிக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியல."

"அப்புறம் எதுக்குத் தினமும் கேக்குற?"

"நான் கேக்கலன்னா அவரு இங்க உக்காந்து என்னயவே பாத்துக்கிட்டு இருப்பாரு. நான் போறதப் பாத்துக்கிட்டே இருக்க அவரால ஆகாது. அங்க அவருக்கு ஒரு வேல இருக்கு. பழம் விழுந்ததும் அவரு வீட்டுக்கு வந்துருவாரு. அதுக்கப்புறம் எங்கயும் போக மாட்டாரு. அது போதும் எனக்கு. நீ சொல்லிறாத."

நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து நானும் அந்தப் பழம் விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். பழத்துக்காக இல்லை, அவர் வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக. பெரியவா, போதும்டா, விட்டுவிடு என்று சமையல்கட்டில் நின்று முணுமுணுத்திருக்கிறேன். மரத்தோடு பேசுகிறவர்களைக் கேலி செய்த வாய்தான் இது.

அந்த வாரம் அவள் கேட்பது தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் சத்தம் போனது, அப்புறம் உதடு மட்டும் அசைந்தது. அத்தான் குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, நாளைக்கு என்பார். காய் நன்றாக முற்றிவிட்டது, கீழே நின்று பார்த்தாலே முள்ளின் நிறம் மாறியது தெரிகிறது, ஏன் இன்னும் விழவில்லை என்று தனக்குப் புரியவில்லை என்பார். முந்திப் பூத்ததால் மரம் குழம்பிவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம்.

ஒரு வியாழக்கிழமை காலையில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அவள் நெற்றியில் திருநீறு வைக்க வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் அவ்வளவு பலம் மிச்சம் இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பல நாளாகக் கேட்காத அவள் குரல் அன்றைக்குக் கேட்டது.

"இன்னைக்கு இருங்களேன்."

அத்தான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அப்பாடா என்று நினைத்தேன். அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"இன்னைக்குக் கண்டிப்பா விழுந்துரும் அருந்ததி. விழுந்ததும் நேரா எடுத்துக்கிட்டு ஓடி வந்துர்றேன். மத்தியானத்துக்குள்ள வந்துர்றேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை விட்டாள். "சரி, போயிட்டு வாங்க," என்றாள்.

நான் கேட் வரைக்கும் பின்னாலேயே போனேன். போகாதீங்க அத்தான் என்றேன். அவருக்குக் கண் சிவந்திருந்தது. ராத்திரியெல்லாம் தூங்காத மனுஷன். அவ கேட்டது இந்த ஒண்ணுதான் துஷி, அதக்கூட நான் குடுக்கலன்னா எப்படி என்று சொல்லிவிட்டுக் காடியை எடுத்தார். சொல்ல மாட்டேன் என்று அக்காவுக்குக் கொடுத்த வாக்கு என்னைத் தடுத்தது. அவர் காடி முனை திரும்பும் வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பத்து மணிவாக்கில் அக்காவின் மூச்சு மாறியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் ஏதோ ஒரு காடி போகிற சத்தம் கேட்டது. அவள் கண்ணைத் திறந்து வாசல் பக்கம் பார்த்தாள். உதடு அசைந்தது. வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக் குனிந்தேன்.

"வந்துட்டாரா?"

வந்துகொண்டே இருக்கிறார் அக்கா என்றேன். அதைக் கேட்டாளோ என்னவோ. அடுத்த காடி போவதற்குள் போய்விட்டாள்.

தோட்டத்துப் பள்ளத்தில் ஃபோனுக்கு லைன் கிடைக்காது. நான் ஸுல்கிஃப்லி வீட்டுக்கு ஃபோன் அடித்தேன். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அத்தானிடம் சொல்லி, அவரைக் காடியோட்ட விடாமல் தானே ஓட்டிக் கூட்டிவந்தார். அத்தான் வெறும் கையோடு உள்ளே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அழவில்லை. அது இன்னும் விழவில்லை என்று எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வெளியே போய்விட்டேன்.

பத்து லஞ்சாங் மயானத்தில் அக்காவை எரித்தோம். எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கத்தில் எட்டுச் செலவு என்று ஒன்று உண்டு. எட்டாம் நாள், போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் படைப்போம். அந்த ஒரு வாரமும் அத்தான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். தோட்டத்துப் பக்கமே போகவில்லை. நான் அவருக்குச் சோறு போட்டேன், காப்பி வைத்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். பழமா பெரிசு, அவள் இரு என்று சொன்னாளே, உங்களுக்குக் காதும் போய்விட்டதா என்று கேட்க வேண்டும். எட்டுச் செலவு முடியட்டும், உறவுக்காரர்கள் போகட்டும், நன்றாகக் கேட்டுவிடுகிறேன் என்று சேர்த்து வைத்திருந்தேன். அவளுக்கு நாக்கில் ருசியே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன் என்று இருந்தேன்.

எட்டாம் நாள் விடிந்ததும் அவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். பழம் இன்றைக்காவது விழுந்திருக்கும், எடுத்துவந்து இலையில் வைக்க வேண்டும் என்றார். அவரைத் தனியாக ஓட்டவிட மனமில்லாமல் நானும் காடியில் ஏறினேன். பாயா தெருபோங் மலை வளைவுகளில் ஏறி இறங்கினோம்.

தோட்டத்து வாசலில் ஸுல்கிஃப்லி நின்றுகொண்டிருந்தார். அத்தான் ஏணி எடுக்கக் கொட்டகைக்குப் போனதும் அவர் என் பக்கத்தில் வந்து மலாய் மொழியில் மெல்லப் பேசினார். சொல்வதா வேண்டாமா என்று எட்டு நாளாகத் தெரியவில்லை என்றார். அன்றைக்கு அங்கிளைக் கூட்டிப்போக அவர் மோட்டாரில் வந்து இறங்கியபோதே மரத்தடியில் பழத்தின் வாசனை கமகமவென்று இருந்ததாம். பழுத்து மூன்று நான்கு நாளாவது ஆகியிருக்க வேண்டும், அப்படியொரு வாசனை. சாவுச் செய்தியோடு வந்தவன் அதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாராம். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

நான் பெரியவனிடம் போனேன். வெள்ளை விரிப்பு மண்ணேறிக் கிடந்தது. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி அப்படியே இருந்தது. வாசனை என்னை முகத்தில் அடித்தது. பழுத்ததும் தாண்டி, கள் மாதிரி புளித்துப்போன வாசனை. தலைக்கு மேலே, நான்கு ஆள் உயரத்தில், சிவப்பு ராஃபியா கயிற்றுக்குள் அந்தப் பழம் உட்கார்ந்திருந்தது. ஒரு சுற்றுக்கூட அறுந்திருக்கவில்லை.

அத்தான் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். அண்ணாந்து பார்த்தார். அந்த வாசனைக்கு நடுவில் நின்றுகொண்டு சொன்னார்.

"அவளே போயிட்டா. இது இன்னும் விழல பாரு."

 திரும்பிப் போய்விடலாம் அத்தான், படைக்க வேறு எத்தனையோ இருக்கிறது என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். விடவில்லை. ஏணியைச் சாத்தி, ஒவ்வொரு படியாக ஏறினார். விழாத பழத்தை இன்றைக்கு வெட்டித்தான் எடுக்க வேண்டும், அவளுக்குப் பிடிக்காதுதான், என்ன செய்ய என்று ஏறிக்கொண்டே சொன்னார். அப்புறம் கையை நீட்டிப் பழத்தைத் தொட்டார்.

அது ஆடியது. காம்போடு சேர்ந்து ஆடவில்லை. காம்பு கிளையில் தனியாக நின்றது, பழம் கயிற்றுக்குள் தனியாக ஆடியது. அடிப்பக்கம் வெடித்து எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது கீழேயிருந்தே எனக்குத் தெரிந்தது. அவர் காம்பின் நுனியை விரலால் தடவிப் பார்த்தார். அது காய்ந்து கறுத்துப் போயிருந்தது. கயிற்றைப் பார்த்தார். மறுபடியும் காம்பைப் பார்த்தார்.

"துஷி, இது எப்போ விட்டிருக்கும்?"

எட்டு நாளாக நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வார்த்தை போதும். அவள் உயிரோடு இருக்கும்போதே, நீங்கள் இதே நாற்காலியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே அது காம்பு விட்டுவிட்டது, நீங்கள் கட்டிய கயிறுதான் அதைப் பிடித்துவைத்தது, உங்களையும் இங்கேயே பிடித்துவைத்தது. ஏணியின் மேல் நிற்கிற அந்தக் கிழவரைப் பார்த்தேன். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"நேத்துதான் அத்தான். நேத்து காத்து அடிச்சிச்சில்ல, அப்போ விட்டிருக்கும்."

அவர் என்னைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கயிற்றின் முடிச்சைத் தேடிப் பிடித்து அவிழ்க்கத் தொடங்கினார். கத்தி இடுப்பில்தான் இருந்தது, எடுக்கவில்லை. தான் சுற்றிய ஒவ்வொரு சுற்றையும் தானே பிரித்தார். விரல் முள்ளில் பட்டு ரத்தம் வந்தது. கடைசிச் சுற்று நழுவியதும் பழம் விழுந்தது. அவ்வளவு நாளும் அவர் காத்திருந்த அந்தச் சத்தம், தொப்பென்று, விரிப்பின் மேல் கேட்டது.

அவர் இறங்கி வரவில்லை. வெறும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, நெற்றியைக் கிளையில் சாய்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. அக்கா போன பிறகு அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். நான் கீழே ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்.

"விழுந்துருச்சா?"

"விழுந்துருச்சு அத்தான்," என்றேன். "வாங்க, வீட்டுக்குப் போவோம்."